எஸ்டிமேட்டில் இல்லாத ஒரு வரி

வீட்டில் பாத்ரூமை இடித்துக் கட்டுவது என்று முடிவானதும் முதலில் வருபவர் மேஸ்திரி. அவருக்குப் பின்னாலேயே வருவது எஸ்டிமேட். டைல்ஸ் இத்தனை பெட்டி, சிமெண்ட் இத்தனை மூட்டை, எம்-சாண்ட், பைப், கமோட், கூலி.. எல்லாம் அதில் இருக்கும். வீட்டுக்காரரும் அந்தத் தாளை வைத்துக்கொண்டு, டைல்ஸில் சதுர அடிக்கு இரண்டு ரூபாய் குறையுமா என்று மூன்று கடை ஏறி இறங்குவார். உடைத்ததை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்ற வரி மட்டும் அந்தத் தாளில் இருக்காது. கேட்டால், "ரப்பிஷ் தானே சார், அத நாங்க பாத்துக்கறோம்" என்பார் மேஸ்திரி. "சரிப்பா" என்பார் வீட்டுக்காரர். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்த "பாத்துக்கறோம்" எங்கே போய் நிற்கிறது என்பதைச் சென்னையில் யாரும் தேடிப் போக வேண்டியதில்லை. தெருமுனைக் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் வாய் கட்டிய சிமெண்ட் சாக்குகள். யாருடையது என்றே தெரியாத காலி மனை. கூவம் கரை, அடையாறு கரை, ராத்திரியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரம். 2022ல் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்த அதே பள்ளிக்கரணைதான்! உலகத்துக்கே முக்கியமான ஈரநிலம் என்று சான்றிதழ் வாங்கிய இடத்தின் விளிம்பில் யாரோ ஒருவருடைய பழைய பாத்ரூம் சுவர் கிடக்கிறது.

"ஒரு பாத்ரூம்தானே, அதில் என்ன பெரிய குப்பை வந்துவிடப் போகிறது?" என்று தோன்றலாம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எட்டுக்கு ஐந்து அடி பாத்ரூம். ஏழடி உயரத்துக்குச் சுவர் டைல்ஸ். டைல்ஸும் அதன் பின்னால் இருக்கும் சிமெண்ட் பூச்சும் சேர்த்து மூன்று சென்டிமீட்டர் கனம் என்று வைத்தால், சுவரிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு டன் வரும். தரையையும் அதன் அடியில் உள்ள கலவையையும் கொத்தினால் இன்னும் நானூறு கிலோ. மொத்தம் ஒன்றரை டன்னைத் தொடும். சாக்குக்கு ஐம்பது கிலோ என்றால் கிட்டத்தட்ட முப்பது சாக்கு. நடுவில் பத்துக்குப் பத்து அடியில் ஒரு நாலரை இஞ்ச் சுவரை எடுத்துவிட்டு ஹாலைப் பெரிதாக்கலாம் என்று யாராவது ஆசைப்பட்டால் இன்னொரு இரண்டு டன். ஒரு குட்டியானை சட்டப்படி ஏற்றக்கூடியது முக்கால் டன் அளவுதான். (ஏற்றுவது எவ்வளவு என்பது வேறு விஷயம்!)

சட்டம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இல்லை. 2016 மார்ச்சில் மத்திய அரசு கட்டுமான இடிபாட்டுக் கழிவுகளுக்கென்றே தனியாக விதிகள் கொண்டுவந்தது. கழிவை உண்டாக்குபவர்தான் அதற்குப் பொறுப்பு, அதைத் தன் வளாகத்துக்குள் வைத்திருக்க வேண்டும் அல்லது உள்ளாட்சி சொல்லும் இடத்தில் சேர்க்க வேண்டும், போக்குவரத்தையோ வடிகாலையோ மறிக்கும்படி கொட்டக் கூடாது என்றது. பெரிய ஆட்கள், அதாவது ஒரு நாளில் 20 டன்னுக்கு மேலோ ஒரு மாதத்தில் 300 டன்னுக்கு மேலோ உடைப்பவர்கள், கழிவைப் பிரித்துக் கொடுப்பதோடு திட்ட அறிக்கையும் தர வேண்டும் என்றது. அந்த விதிகளுக்குப் பதிலாக 2025ல் புதியவை அறிவிக்கப்பட்டன, நடைமுறைக்கு வரும் நாள் 2026 ஏப்ரல் 1. அவற்றில் பெரிதாகப் பேசப்படும் 'உற்பத்தியாளர் பொறுப்பு' 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டுமானங்களுக்கானது. வேளச்சேரி அபார்ட்மெண்டின் இரண்டாவது மாடி பாத்ரூமுக்கு அதில் வேலை இல்லை. அதன் விதி மாநகராட்சியின் கையில்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது 'உண்டாக்குபவர்' என்ற சொல். அவர் மேஸ்திரி அல்ல, குட்டியானை டிரைவர் அல்ல. வீட்டுக்காரர். "பாத்துக்கறோம்" என்று மேஸ்திரி சொன்னதால் பொறுப்பு கை மாறிவிடுவதில்லை. ஆனால் நடப்பது என்னவோ அதுதான். பிடிபட்டால் திட்டு வாங்குவது டிரைவர், வண்டியை நிறுத்துவது டிரைவரை. வீட்டுக்காரர் புது ஷவரில் குளித்துக்கொண்டிருப்பார்.

இதே வீட்டிலிருந்து வெளியேறும் மற்ற சாமான்களைப் பாருங்கள். பழைய இரும்பு ஜன்னல் தெருவில் கிடக்குமா? கிடக்காது. காயலான் கடைக்காரர் எடை போட்டு எடுத்துப் போவார். தேக்குக் கதவென்றால் பழைய மரக்கடைக்கு. பித்தளைக் குழாயை, செப்புக் கம்பியை யாரும் கூவத்தில் எறிவதில்லை, சொல்லப்போனால் அதற்குச் சண்டையே வரும். முழுசாகப் பெயர்ந்த செங்கல்லுக்குக்கூட ஆள் உண்டு. விலை இருக்கும் பொருள் எல்லாம் ஒழுங்காக அதனதன் இடத்துக்குப் போய்ச் சேர்கிறது. விலை இல்லாதது மட்டும் தெருவுக்கு வருகிறது. அதனால் "நம்ம ஜனங்களுக்கு சிவிக் சென்ஸ் இல்லை" என்று தலையில் அடித்துக்கொள்வது அரைகுறை விளக்கம். ஜனங்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள். கணக்கில்தான் ஒரு வரி குறைகிறது.

பி.காம்., பொருளாதாரப் பாடத்தில் பிகூ என்ற இங்கிலாந்துப் பேராசிரியர் வருவார். ஒருவர் செய்யும் காரியத்தின் செலவு அவர் பையிலிருந்து போகாமல் ஊர் தலையில் விழுவதைப் பற்றி 1920லேயே விரிவாக எழுதியவர். பரீட்சைக்கு அவருடைய புகைபோக்கி உதாரணத்தை மனப்பாடம் செய்துவிட்டு, அதே தெருவில் கிடக்கும் சிமெண்ட் சாக்கைத் தாண்டி வீட்டுக்குப் போகும் மாணவர்கள் ஏராளம். அந்த முப்பது சாக்கை முறையாக அப்புறப்படுத்தும் செலவு மறைந்துவிடவில்லை. மழைநீர் வடிகாலுக்குள் இறங்கிய செங்கல் தூளை வாரும் கூலியாக, ஐப்பசி மழையில் பக்கத்துத் தெருவின் கீழ்வீட்டுக்குள் ஏறும் தண்ணீராக அது திரும்பி வருகிறது. பில் போவது வேறு முகவரிக்கு, அவ்வளவுதான்.

காலி மனையை மேடாக்கப் போட்டால் என்ன தப்பு என்பார்கள். சொந்த மனைப் பள்ளத்தைச் சுத்தமான செங்கல், காரை கொண்டு நிரப்பினால் தப்பே இல்லை, அது நல்ல உபயோகம். நம்மூரில் ஒரு காலத்தில் உடைந்த செங்கல் வீணாகவே போகாது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மொட்டை மாடியில் போட்டார்கள். உடைந்த வெள்ளை டைல்ஸை மாடியில் பதித்தால் வீடு குளிரும் என்பது இன்றைக்கும் கொத்தனார்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அடுத்தவன் மனையும் ஏரிக்கரையும் சதுப்பு நிலமும் இந்தக் கணக்கில் சேராது.

எல்லாம் ஒன்றாகக் கலந்தால் அதையும் செய்ய முடியாது. ஃபால்ஸ் சீலிங் ஜிப்சம் பலகை, பெயிண்ட் டப்பா, பிளாஸ்டிக் பைப், பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் திணித்தால் நல்ல செங்கல்லும் கெட்டது. ஆஸ்பெஸ்டாஸைச் சுத்தியலால் உடைத்தால் கிளம்பும் நார் நுரையீரலுக்கு எமன். முகத்தில் ஒரு துண்டுகூட இல்லாமல் அதை உடைப்பது பெரும்பாலும் சித்தாள் பெண்கள்தான். வீட்டு பெயிண்டில் ஈயத்துக்கான 90 பிபிஎம் வரம்பு 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன்பு அடித்ததைச் சுரண்டினால் வரும் தூளிலும் ஈயம் இருக்கலாம்.

இடிபாட்டை எடுத்துக்கொள்ள இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மாநகராட்சியின் மறுசுழற்சி ஆலைகள் இருக்கின்றன. இடிபாட்டை அரைத்து மணலாக, ஜல்லியாகப் பிரிக்கிறார்கள். அந்த ஜல்லியைக் கம்பி கட்டிய கான்கிரீட்டில் எம்25 தரம் வரை 20 சதவீதம் சேர்க்கலாம் என்று ஐ.எஸ். 383 தரநிலையே 2016லிருந்து அனுமதிக்கிறது. 1913க்கு போன் போட்டால் ஒரு டன் வரை இலவசமாக எடுத்துக்கொள்வதாக 2025ல் மாநகராட்சி அறிவித்தது. அதற்கு மேல் டன் கணக்கில் கட்டணம்.

நல்ல ஏற்பாடு. ஆனால் மேலே போட்ட பாத்ரூம் கணக்கை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். ஒன்றரை டன்! ஒரே ஒரு சின்ன பாத்ரூமே இலவச எல்லையைத் தாண்டிவிடுகிறது. தாண்டிய அரை டன்னுக்குக் காசு கட்டு என்றால் மேஸ்திரி என்ன செய்வார்? இருபது சாக்கை வண்டிக்குக் கொடுத்துவிட்டு பாக்கி பத்து சாக்கை ராத்திரி பதினொரு மணிக்குத் தெருமுனையில் வைப்பார். சின்ன ஆளுக்குக் கட்டணம் போட்டு வருகிற வருமானத்தைவிட, தெருவில் சிதறியதைப் பொறுக்க ஆகும் செலவு அதிகமாகத்தான் இருக்கும். இலவச எல்லையை மூன்று டன்னுக்கு உயர்த்தினால் பெரும்பாலான வீட்டு வேலைகள் அதற்குள் அடங்கிவிடும். கட்டணத்தைப் பெரிய பில்டர்களிடம் கறாராக வசூலித்துக்கொள்ளட்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தரை மாற்றுவது, பூச்சு வேலை போன்ற பழுதுபார்ப்புகளுக்கு அனுமதி வாங்கத் தேவையில்லை. தேவைப்படவும் கூடாது, அதற்கும் ஆபீஸ் ஆபீஸாக அலைய யாரால் முடியும்? ஆனால் அதனாலேயே ஒரு வீட்டில் உடைப்பு நடக்கிறது என்பது மாநகராட்சிக்குத் தெரிவது சாக்குகள் தெருவுக்கு வந்த பிறகுதான். அபார்ட்மெண்ட் சங்கங்களுக்கு முன்பே தெரியும். லிஃப்டில் மூட்டை ஏற்றக் கூடாது, மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை டிரில் போடக் கூடாது, லிஃப்ட் சுவரில் கீறல் விழுந்தால் டெபாசிட்டில் பிடிப்போம் என்றெல்லாம் சட்டம் போடுகிற சங்கங்கள், அந்த டெபாசிட்டைத் திருப்பித் தரும் முன் இடிபாடு எடுத்துப் போன ரசீதையும் கேட்கலாமே? கீறலைவிட முப்பது சாக்கு பெரிது.

சங்கம் இல்லாத தனி வீட்டில் கேட்க வேண்டியவர் வீட்டுக்காரர் ஒருவர்தான். கேட்க வேண்டிய நேரம் சுவரில் முதல் சுத்தியல் விழும் முன்பு, எஸ்டிமேட் தாள் இன்னும் கையில் இருக்கும்போது. "ரப்பிஷ் எங்க போகுது, எத்தனை நடை, எவ்வளவு ஆகும், ரசீது யார் தருவாங்க? அதையும் எழுதிக் குடுங்க மேஸ்திரி." அவர் தலையைச் சொறிவார், இரண்டாயிரமோ மூவாயிரமோ சேர்த்து எழுதுவார். டைல்ஸ் கடையில் அடித்த பேரத்தை அந்த வரியில் மட்டும் அடிக்காமல் இருந்தால் போதும்.