தூர் வாராத ஏரி

சேலத்துக்குத் தெற்கே, குன்றுகள் சூழ்ந்த பனமரத்துப்பட்டி எம் ஊர். ஒரு காலத்தில் சேலம் நகரத்தார்க்குக் குடிநீர் அளித்த பேரேரி ஆங்குளது. பின்னாளில் நீர் வற்றி, அதன் பரப்பில் சீமைக் கருவேலம் மண்டிற்று. மழையின் குறை ஒருபுறமிருக்க, எந்த ஏரியும் தன் கசடைத் தானே வெளியேற்றமாட்டாது. மக்கள்தாம் தூர் வாரவேண்டும். வாரிய வண்டலும் வீணன்று, வயலுக்கு எருவாகும். இவ்வேரியை இங்கு நினைவூட்டியது எம் தெருவில் ஒருவர்க்கு வந்த நோயே.

அவர் அரளித் தோட்டம் வைத்திருப்பவர். முப்பத்தைந்தாம் வயதில் அவர் வலக்கை நடுங்கத் தொடங்கியது. விடியலில் பூப்பறிக்கும் விரல்கள் மொட்டைப் பற்றமாட்டாவாயின, நடையும் தளர்ந்தது. மருத்துவர் அதனைப் பார்க்கின்சன் நோய் என்றனர். ஊராரோ முன்னோர் செய்த பாவம் என்றனர். அவர் தங்கையைப் பெண்கேட்டு வந்த அசலார் செய்தி கேட்டுத் திரும்பினர். “அசல் வேண்டா, தாய்மாமனுக்கே கொடுத்துவிடலாம்” என்று வீட்டுப் பெரியோர் இப்பொழுது பேசுகின்றனர். அஞ்சவேண்டாத இடத்து அஞ்சுதலும், ஆராயவேண்டிய இடத்து ஆராயாமையும் இவ்விரு செயலிலும் உள என்பதே யாம் கூறப்புகுவது.

இந்நோயை 1817-ஆம் ஆண்டில் விரித்தெழுதியவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் ஆங்கில மருத்துவர். நடுமூளையில் கருநிறமாகத் தோன்றும் ஒரு சிறுபகுதியின் நரம்பணுக்கள் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கின்றன. அவை மடிய, அசைவுகள் ஒழுங்கிழக்கின்றன. நோயாளர் பெரும்பாலார் முதியோர். அவர்க்கு இன்ன மரபணுவே காரணமென்று கூறல் அரிது. ஆயின் இளமையில் இந்நோய் தோன்றுமிடத்து, மரபணுவொன்றின் பழுது காரணமாதல் சிலரிடத்து உண்டு. பார்க்கின் என்னும் மரபணுவை 1998-இல் ஜப்பானிய அறிஞர் கண்டறிந்தனர். பிங்க்-1 என்பதன் பழுது 2004-இல் வெளிப்பட்டது.

இவ்விரண்டின் தொழில் யாதெனின், உயிரணுவுக்குள் தூர் வாருதலே என்னலாம். ஒவ்வோர் உயிரணுவிலும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புக்கள் ஆற்றலை ஆக்கித் தருகின்றன. நலமுடைய உறுப்பில் பிங்க்-1 தங்குவதில்லை, உள்ளிழுக்கப்பட்டு அழிகின்றது. உறுப்புப் பழுதுற்றால் அது புறத்தோலில் திரண்டு நின்று பார்க்கினை அழைக்கின்றது. பார்க்கின் வந்து, இது கழிக்கத்தக்கது என்பதற்கு அடையாளமாக யூபிக்விட்டின் என்னும் சிறு புரதத்தை அதன்மேற் பொருத்துகின்றது. பின்னர் ஒரு மென்படலம் அதனைப் பொதிந்து, லைசோசோம் என்னும் செரிப்பறைக்குச் சேர்க்கின்றது. ஆங்குச் சிதைந்த பொருள்கள், வண்டல் எருவாதல்போல, மீண்டும் பயன்படுகின்றன. தன்னுண்ணல் எனப்படும் இப்பொது வினையின் அடிப்படைகளை ஈஸ்ட்டில் ஆராய்ந்து வெளிப்படுத்திய யோஷினோரி ஓசுமி 2016-இல் நோபெல் பரிசு பெற்றார்.

நரம்பணுவோ பிரிந்து பெருகிக் கசட்டைப் பகிர்ந்துகொள்வதன்று. வாழ்நாள் முழுதும் ஓரணுவாகவே உழைப்பது. டோபமின் அணுக்களின் கிளைகள் மிக நீண்டு பரந்தமையின் அவற்றிற்கு வேண்டும் ஆற்றலும் மிகுதி. ஆகவே கழிவு தேங்கின் அவை முதலில் நலிதல் இயல்பே. ஆய்வுக்கூட உயிரணுக்களிற் தெளிவாகக் கண்ட இவ்வினை, வாழும் மூளையில் எத்துணைப் பங்குடையது என்பதை அறிஞர் இன்னும் ஆராய்ந்துவருகின்றனர்.

இனி மரபு வரும் வழியை நோக்குவோம். பார்க்கின், பிங்க்-1 ஆகியவற்றின் பழுது பொதுவாகத் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இருபடியும் பழுதுற்றாலன்றி நோயாக வெளிப்படாது. ஒருபடி மட்டும் பழுதுடையார் பொதுவாக நலமாகவே வாழ்வர். பெற்றோர் இருவரும் அத்தகையராயின் ஒவ்வொரு மகவுக்கும் நோய்க்குரிய மரபு வருதற்கு நான்கில் ஒரு வாய்ப்புண்டு.

அத் தங்கையின் நிலை இப்பொழுது விளங்கும். தமையன் நோய் இவ்வகையினதாயின், அவளும் ஒருபடிப் பழுதைத் தாங்கியிருக்கலாம். அவள் அசலில் மணந்தால், கணவனும் அதே மரபணுவிற் பழுதுடையனாதல் மிக அரிதாதலின், மக்களுக்கு வரும் இடர் மிகச் சிறிது. தாய்மாமனோ, பழுதைத் தாங்கிய தாயோடு உடன்பிறந்தவன்; அவனும் அதனைத் தாங்கியிருத்தற்குப் பாதி வாய்ப்புண்டு. எனவே, அஞ்சி ஓடிய அசலார் பெரிதும் அஞ்சவேண்டாதவர். அச்சமின்றி முன்வந்த உறவினரே நின்று ஆராயவேண்டியவர். உறவில் மணந்தாரெல்லாம் நோயுற்ற மக்களைப் பெறுவர் என்று யாம் கூறவில்லை. நம் முன்னோர் பலர் அவ்வாறு மணந்து நலமாகவே வாழ்ந்தனர். நோய் வெளிப்பட்ட குடியிலாவது கேட்டறிந்து செய்க என்பதே எம் கருத்து. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இதனை ஆராய்ந்து கூறும் மரபியல் மருத்துவர் உளர்.

நோயுற்றார்க்கு உதவியும் இல்லாமலில்லை. நம் வேலிகளிற் படரும் பூனைக்காலியின் விதையினின்று லெவோடோபா என்னும் பொருளை 1937-இல் பிரித்தெடுத்தவர் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துத் தாமோதரனும் இராமசாமியும் ஆவர். அதுவே முப்பது ஆண்டுகளின் பின்னர் இந்நோயின் தலையாய மருந்தாயிற்று. அது குறைந்த டோபமினை ஈடுசெய்யுமேயன்றித் தூரை வாராது. தூர் வாரும் வினையை மீட்கும் மருந்து இன்னும் வழக்கிற்கு வரவில்லை. ஆயினும் மருத்துவர் அளவறிந்து கொடுத்த மருந்தால் எம் தெருவினர் மீண்டும் பூப்பறிக்கின்றார்.

பிறவிக் குருடனைக் கண்டு, இவன் பாவமோ பெற்றோர் பாவமோ என்று சீடர் வினவியபோது, இரண்டுமன்று என்று விடை வந்ததை நம்மிற் பலர் இளமையிலேயே கேட்டிருக்கின்றோம். கேட்டிருந்தும் அவ்வினாவையே இன்றும் வினவுகின்றோம். தோழர்காள், இவ்விடுமுறையில் நம் ஊர்களுக்குச் செல்லும்போது, திண்ணையில் அமர்ந்த பெரியோரிடம் இச்செய்தியைப் பணிவோடு எடுத்துரைப்போம். ஏரியில் வண்டல் படிந்தது ஏரியின் பாவமன்று. படிந்ததை அறிந்தும் மறைத்து வைப்பதே நம் குற்றம்.