மேற்குத் தொடர்ச்சி

திருவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்பு போகிற பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தால் மேற்கே பார்த்து உட்காருங்கள். மலை கூடவே வரும். அந்த வட்டாரத்தில் கூமாபட்டி 2025இல் ஒரு ரீல்ஸால் நாடறிந்த ஊராகிவிட்டது. கான்சாபுரத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இன்னும் அடிக்கவில்லை. ஆனால் ஒரு முழுநீள வெஸ்டர்ன் படத்துக்கான கதை அந்த ஊர்ப் பெயர்ப்பலகைக்குள் இருக்கிறது. கான்சாகிபு புரம் வாயில் தேய்ந்து தேய்ந்து கான்சாபுரம் ஆனது. கும்பினிப் படையின் தளபதி கான் சாகிபு என்கிற யூசுப்கான். பனையூரில் பிறந்தபோது மருதநாயகம். மதுரையில் கான்சாமேட்டுத் தெருவும் கான்பாளையமும் அவர் பெயரைச் சுமக்கின்றன.

இந்த இதழின் மெய்ப்புத் திருத்தி முடித்த இரவு, நண்பர்கள் நாலு பேர் மடிக்கணினி முன் உட்கார்ந்து 'யங் கன்ஸ் 2' பார்த்தோம். 1990இல் வந்த படம். ஜெஃப் மர்ஃபி இயக்கியது. முதல் பாகம் 1988இல் வந்தபோது, கடைசியில் யார் யார் என்ன ஆனார்கள் என்று சொல்லி நல்லபடியாக மங்களம் பாடிவிட்டார்கள். பில்லி தி கிட்டின் கூட்டாளிகளில் டாக் ஸ்கர்லாக் நியூயார்க் போய்விட்டான், சாவேஸ் கலிஃபோர்னியாவில் பிழைத்துக்கொண்டான் என்று. படம் ஓடிவிட்டது. எனவே இரண்டாம் பாகத்தில் இருவரையும் இழுத்து வந்து சாகடித்தார்கள். நிஜ டாக் ஸ்கர்லாக் 1929 வரை வாழ்ந்து படுக்கையில் செத்தவர். வசூலுக்கு முன்னால் வரலாறு எம்மாத்திரம்.

படம் பெரிய படமில்லை. குதிரைகள் அழகு, வசனம் சுமார், ஜான் பான் ஜோவியின் பாட்டு படத்தைவிட அதிக நாள் நின்றது. ஆனால் அதன் முதுகெலும்பு நல்ல எலும்பு. சட்டம் துரத்துகிற பில்லி தி கிட் மெக்சிகோ எல்லையை நோக்கி ஓடுகிறான். துரத்துகிறவன் பாட் காரெட், பழைய கூட்டாளி. கூட இருந்தவனுக்குத்தான் இவன் எங்கே தண்ணீர் குடிப்பான், யார் வீட்டில் படுப்பான் என்று தெரியும் என்பதால் அவனுக்கு ஷெரீஃப் பட்டம் கட்டி அனுப்புகிறார்கள். நிஜத்திலும் காரெட்தான் 1881 ஜூலை 14 அன்று பில்லியைச் சுட்டார். மறுவருடமே அவன் வாழ்க்கை வரலாற்றையும் தன் பேரில் புத்தகமாகப் போட்டார். சுட்டவனே சரிதைக்காரனும் ஆனான்.

படம் முடிந்ததும் ஒரு நண்பர் கேட்டார்: "ஏய்யா, ஓடி ஒளிஞ்சவன் கதை நம்மகிட்ட இல்லாததா? பார்ட் டூ மட்டும் ஏன் யாரும் எடுக்க மாட்டேங்கிறாங்க?" இந்தத் தலையங்கம் அவருக்கான பதில்.

கான் சாகிபுவையே எடுத்துக்கொள்வோம். இந்தச் சீமையில் காரெட் வேலை பார்த்தவர் அவர். மேற்குப் பாளையங்களைக் கட்டிக்காத்த நெற்கட்டும்செவல் பூலித்தேவர்மேல் படை நடத்தி, 1761இல் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகளைப் பிடித்தார். பூலித்தேவர் தலைமறைவானார். மூன்றே வருடம். துரத்தியவர் கும்பினிக்கும் ஆற்காட்டு நவாபுக்கும் கலகக்காரர் ஆகி, மதுரைக் கோட்டைக்குள் முற்றுகையில் அடைபட்டு, சொந்த ஆட்களால் காட்டிக்கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15 அன்று தூக்கில் தொங்கினார். வேட்டைக்காரன், வேட்டைப்பொருள் இரண்டு வேடத்தையும் ஒரே ஆள் போட்ட கதை இது. ஹாலிவுட்காரன் கையில் கிடைத்திருந்தால் ஐந்து பாகம் எடுத்திருப்பான். சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கத்தலம் இருக்கிறது.

பூலித்தேவர் என்ன ஆனார்? திரும்பி வந்தார், கோட்டையை மறுபடி கட்டினார், 1767இல் கர்னல் டொனால்ட் காம்பெல் வாசுதேவநல்லூரை அடித்தபோது மறுபடி மறைந்தார். பிறகு ஏட்டில் தெளிவாக எதுவும் இல்லை. ஊர் அந்த இடத்தைத் தன் கதையால் நிரப்பிக்கொண்டது. பிடித்துக்கொண்டு போகும் வழியில் சங்கரன்கோவிலில் சாமி கும்பிட வேண்டும் என்று கேட்டார், உள்ளே போனார், விலங்கு தெறித்தது, சோதியில் கலந்துவிட்டார் என்பார்கள். கோயிலுக்குள் அவர் பேரில் இன்றும் ஓர் அறை உண்டு. அமெரிக்காவில் இதே வேலையை பிரஷ்ஷி பில் ராபர்ட்ஸ் என்ற கிழவர் செய்தார். நான்தான் பில்லி, அன்றைக்குச் சாகவில்லை, எனக்கு மன்னிப்பு வேண்டும் என்று 1950இல் நியூ மெக்சிகோ ஆளுநர் முன்னால் போய் நின்றார். கிடைக்கவில்லை. அடுத்த மாதமே செத்துப்போனார். 'யங் கன்ஸ் 2' தொடங்குவதே இந்தக் கிழவரின் வாயிலிருந்துதான். ஓடிப்போனவன் சாகவில்லை என்று நம்ப மனிதருக்கு எங்கேயும் ஓர் ஆசை இருக்கிறது. அங்கே அவன் மனுப்போட வருகிறான், இங்கே சாமியாகிவிடுகிறான்.

நம் சினிமா இதையெல்லாம் தொடவே இல்லை என்று சொல்ல முடியாது. ஒளிப்பதிவாளர் கர்ணன் 'கங்கா', 'ஜக்கம்மா' என்று குதிரையும் துப்பாக்கியுமாகப் படம் எடுத்தார். டூரிங் கொட்டகையில் விசில் பறந்த படங்கள். ஆனால் அவற்றின் தொப்பி டெக்சாஸிலிருந்து வந்தது. கமல்ஹாசனின் 'மருதநாயகம்' 1997 அக்டோபர் 16 அன்று சென்னையில் தொடங்கியது. கான் சாகிபு தூக்கில் தொங்கியதற்கு 233 வருடமும் ஒரு நாளும் கழித்து. விழாவுக்கு வந்தவர் எலிசபெத் ராணி. கும்பினி தூக்கில் போட்டவரின் படத்துக்கு அந்த நாட்டு ராணியே வந்து வாழ்த்தியதுதான் அந்தப் படத்தின் ஆகச்சிறந்த காட்சி. மிச்சம் இன்றுவரை வரவில்லை.

எங்கள் முக்கியமான குறை வேறு. 1959 மே மாதம் 16ஆம் தேதி 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வந்தது. மூன்று நாள் கழித்து, 19ஆம் தேதி, கண்ணதாசன் தயாரித்த 'சிவகங்கைச் சீமை' வந்தது. கட்டபொம்மன் கதை 1799இல் கயத்தாற்றுப் புளியமரத்தில் முடிகிறது. பின்னால் சிறையிலிருந்து தப்பிய தம்பி ஊமைத்துரைக்கு மருது சகோதரர்கள் அடைக்கலம் கொடுத்து, அதற்காகவே அழிந்த கதை சிவகங்கையுடையது. அதாவது முதல் பாகமும் இரண்டாம் பாகமும் ஒரே வாரத்தில் வெளியாகின. போட்டிப் படங்கள் என்றுதான் அன்றைக்குப் பார்த்தார்கள். ஜெயித்தது முதல் பாகம்.

காரணம் எளிது என்று நினைக்கிறோம். முதல் பாகத்தின் நாயகன் பேசுகிறவன். இரண்டாம் பாகத்தின் நாயகன் ஊமை.

ஊமைத்துரையைப் பற்றி நமக்குத் தெரிந்த உயிருள்ள சித்திரங்கள் பல, அவரைத் துரத்திய படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் எழுதியவை. 1830இல் லண்டனில் அச்சான அவருடைய நினைவுக்குறிப்பில் இருக்கின்றன. காரெட் மாதிரி இவரும் துரத்தி முடித்துவிட்டு எழுதினார். ஆனால் காரெட்டிடம் இல்லாத ஒரு வெட்கம் இவர் எழுத்தில் உண்டு. ஒல்லியான, வாய் பேசாத ஓர் ஆளை ஒரு சீமையே தெய்வமாகக் கொண்டாடியதை அவரால் மறைக்க முடியவில்லை. சண்டைக்கு உத்தரவு எப்படி வரும் தெரியுமா? ஊமைத்துரை நாலு வைக்கோல் துரும்பைப் பொறுக்கி இடது உள்ளங்கையில் அடுக்குவாராம். அதுதான் வெள்ளைக்காரப் படை. பிறகு வாயால் காற்றுச் சீறுகிற ஒரு சத்தம் போட்டு, வலது கையால் அத்தனையையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிடுவாராம். அவ்வளவுதான் உத்தரவு. பக்கம் பக்கமாக வசனம் பேசி வரி கட்ட மறுத்த அண்ணனுக்கு இப்படி ஒரு தம்பி.

1801 பிப்ரவரி 2 அன்று பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரையும் கூட இருந்தவர்களும் தப்பித்தார்கள். சிறைக்குள் அம்மை போட்டிருந்ததால் சில நாள் முன்புதான் விலங்கைக் கழற்றியிருந்தார்கள். துரைமார் எல்லோரும் மேஜர் மெக்காலே வீட்டு விருந்தில் இருந்தார்கள். தப்பியவர்கள் நேரே பாஞ்சாலங்குறிச்சி போய், தரைமட்டமாக்கப்பட்ட கோட்டையை மறுபடி எழுப்பினார்கள். மே 24 அன்று அது விழுந்தது. பிறகு நடந்ததை வெல்ஷ் சொல்லியிருப்பதுபோல் இங்கே சொல்கிறோம். செத்தவர்களுக்கிடையே தன் மகனைத் தேடி வருகிறாள் ஒரு தாய். மகனுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. தூக்கப் போகிறாள். என்னை விடு, பக்கத்தில் சாமி கிடக்கிறார், அவரைத் தூக்கு என்கிறான். பெண்கள் சேர்ந்து ஊமைத்துரையைத் தூக்கி வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். தேடிக்கொண்டு எட்டயபுரத்து ஆட்கள் வருகிறார்கள். வெள்ளைத்துணி போர்த்தி, சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி. அம்மையில் போன பையன் என்கிறார்கள். வந்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் ஓடுகிறார்கள். இரண்டு முறையும் காப்பாற்றியது அம்மை. மாரியாத்தா என்று சொல்வோருக்கு எங்கள் மறுப்பு இல்லை.

உலகத்து வெஸ்டர்ன் படங்களில் எதில் இப்படி ஒரு காட்சி இருக்கிறது? அந்தத் தாயின் பெயர்கூட நம்மிடம் இல்லை. மகன் பெயரும் இல்லை. நாயகன் மூச்சை அடக்கிப் பிணமாகக் கிடக்க, நடிப்பெல்லாம் ஊர்ப் பெண்களுடையது. ஓடுகிறவன் கதையை எடுத்தால் இதுதான் சிக்கல். கேமரா நாயகன் முகத்தில் நிற்காது. கஞ்சி ஊற்றியவள், பொய் சொன்னவள், வழி காட்டியவன் என்று அலையும். தூக்குமரத்தடியில் ஒருவன்தான் நிற்க முடியும். அங்கே நிற்பவனுக்குச் சிலை வைக்கலாம், போஸ்டர் ஒட்டலாம், சாதிச் சங்க நாள்காட்டியில் வாளோடு அச்சடிக்கலாம். தலைமறைவுக்காலத்தில் அவன் எந்தெந்தத் தெருவில் சோறு வாங்கித் தின்றான் என்று கேட்டால் நாள்காட்டி அச்சடிப்பவர்களுக்கு சங்கடம்.

மீதிக் கதையை வேகமாகச் சொல்லிவிடலாம். அக்டோபர் 24இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கில். நவம்பர் 16இல் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கில். மறுவருடம் 73 பேர் பினாங்குக்கு நாடுகடத்தல். அதில் ஒருவர் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி, பதினைந்து வயது. வெல்ஷுக்கு வளரி வீசக் கற்றுத் தந்தவர் சின்ன மருது. 1818இல் பினாங்கில் அந்தப் பையனை, அதற்குள் தளர்ந்துபோன ஆளாக, வெல்ஷ் எதிரில் பார்க்கிறார். இதற்குமேல் கடைசிக் காட்சிக்கு ஒரு திரைக்கதை ஆசிரியர் எதைத் தேட வேண்டும்?

2023இல் வந்த 'ஜிகர்தண்டா டபுள்எக்ஸ்' ஒரு நம்பிக்கை தந்தது. கொல்ல வந்த ஆள் படம் எடுப்பவனாக வேடம் போட்டு, கடைசியில் கேமராவைத் துப்பாக்கிக்குப் பதிலாகப் பிடிக்கும் கதை. காட்டுச்சனம் அதில் கூட்டமாக நிற்கவில்லை, ஆட்களாக இருந்தார்கள். கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் பெயர் மட்டும் கொஞ்சம் அதிகமாகக் கேட்டது. வாய் பேசாத நாயகனைத் தேடி நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பாஞ்சாலங்குறிச்சி இங்கிருந்து அரை நாள் பயணம்.

கான்சாபுரம், கூமாபட்டி, வத்திராயிருப்பு, சேத்தூர், வாசுதேவநல்லூர்ப் பக்கத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். கான் சாகிபு சண்டைக்குக் கதைப்பாடலே உண்டு. நா. வானமாமலை பதிப்பித்து 1972இல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கிறது. எங்களுக்கு வேண்டியது படைத்தலைவன் கதை இல்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாரையாவது ஒளித்து வைத்ததாக, யாருக்காவது பொய் சொல்லி வழியனுப்பியதாகச் சொல்லிக் கேட்டிருந்தால், அது எந்தக் காலத்து ஓட்டமாக இருந்தாலும், கேட்டபடியே எழுதி அனுப்புங்கள். தட்டச்சு செய்ய வேண்டாம், ஒரு பக்கத் தாள் போதும். அடுத்த இதழில் நடுப்பக்கம் எட்டையும் அதற்காக ஒதுக்கி வைத்திருக்கிறோம்.