பாட்டுக் கேட்க ஆசை. பையில் காசு இல்லை!

சங்கீதப் பிரியர் எல்லோரும் பணக்காரர் அல்ல. நல்ல ஸ்டீரியோ செட்டின் விலையோ அதிகம். அதற்காகக் கடன் வாங்குவதா? வேண்டாம்!

அமெரிக்காவில் 1959-ல் டைனாகோ கம்பெனி ஒரு வழி காட்டியது. 'ஸ்டீரியோ 70' என்ற ஆம்பிளிபயரைப் பாகங்களாகப் பெட்டியில் போட்டு, 99 டாலர் 95 சென்டுக்கு விற்றது. கம்பெனியே பூட்டிக் கொடுப்பதை விட இது மலிவு. வாங்கியவர்கள் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்து, தாங்களே ஈயம் பற்றவைத்தார்கள். கூலி மிச்சம், தொழிலும் கைவந்தது.

சென்னை ரிச்சி தெருவில் இன்றும் உதிரிப் பாகங்கள் கிடைக்கின்றன. மாதம் ஒன்றாக வாங்கிச் சேர்க்கலாம். மின்சாரம் ஆபத்தானது, தொழில் தெரிந்தவரிடம் பழகிய பிறகே கை வைக்க வேண்டும்.

கடன்காரன் கதவைத் தட்டும் வீட்டில் எந்தப் பாட்டும் இனிக்காது!