அணைத்த பின்னும் மினுங்கும் விளக்கு

திருவனந்தபுரத்தின் பழைய வீடுகள் புதுப்பிக்கப்படும்போது சுவர்ச் சுவிட்சுகள்தாம் முதலில் மாறுகின்றன. கூடவே பழைய விசிறி இறங்கி, அடியில் எல்.இ.டி. விளக்குள்ள விசிறி ஏறுகிறது. அன்றிரவே புகார் எழுகிறது: சுவிட்சை அணைத்த பின்னும் விசிறி விளக்கு மங்கலாக மினுங்குகிறது. பழி புதிய சுவிட்சின்மேல் விழுகிறது, அல்லது வயர்மேன்மேல். கடைசியாக மாறியது எதுவோ அதுவே காரணம் என்னும் இம்முடிவை ஆய்வுக்கூடத்தில் எவரும் ஏற்கமாட்டார்கள். வீட்டில் மட்டும் அது கேள்வியின்றி நிலைத்துவிடுகிறது.

கணக்கு எளியது. 230 வோல்ட்டில் 60 வாட் இழை விளக்கு எரிய ஏறத்தாழ 260 மில்லி ஆம்பியர் வேண்டும். ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைந்த கசிவு அதன் இழையைச் சிவக்கவும் வைக்காது. எல்.இ.டி. விளக்குக்கோ அதுவே போதும். கசிவு பல வீடுகளில் முன்பே இருந்தது; இழை விளக்கு அதைக் காட்டவில்லை, அவ்வளவே.

கசிவு வரும் வழிகள் முக்கியமாக மூன்று. சுவிட்சில் பதித்த நியான் விளக்கு தன் வழியே சிறு மின்னோட்டத்தைக் கடத்தும். ஒரே குழாயில் நெடுந்தொலைவு இணைந்தோடும் வயர்களுள் ஒன்றின் மின்னழுத்தம் மற்றொன்றில் தூண்டப்படும். இவ்விரண்டும் பெரும்பாலும் தீங்கற்றவை. மூன்றாவது அப்படியன்று: ஃபேஸில் இருக்கவேண்டிய சுவிட்ச் நியூட்ரலில் இருப்பது. அங்கே சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் முழு மின்னழுத்தம் நிற்கும். அணைத்துவிட்டோம் என்று நம்பி ஏணியில் ஏறி விளக்கைக் கழற்றுபவரின் உயிர் அந்த ஒரு வயரில் இருக்கிறது. நியூட்ரலில் மட்டும் தனித்த சுவிட்ச் கூடாதென்று 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே தடுத்துள்ளன.

ஆகவே, வேறு நிறுவனத்தின் விளக்கை மாட்டியோ, மின்தேக்கி ஒன்றைச் சேர்த்தோ மினுக்கத்தை மறைப்பது தீர்வாகாது. அது சாட்சியை அழிப்பது. சில மில்லிவாட் ஒளிக்கு இவ்வளவு கவலையா என்று கேட்கலாம். மூன்றில் எது காரணம் என்று அறிந்த பிறகே அக்கேள்விக்கு இடமுண்டு. அறிவதும் கடினமன்று. உரிமம் பெற்ற வயர்மேன் பலகையைத் திறந்து, விளக்கு எரியும் நிலையில் சுவிட்சின் திருகுகளில் டெஸ்டரை வைப்பார். டெஸ்டர் ஒளிர்ந்தால் சுவிட்ச் ஃபேஸில் உள்ளது. இருண்டிருந்தால் நியூட்ரலில் உள்ளது. மெயினை நிறுத்திவிட்டு அதை உடனே மாற்றவேண்டும்.

இச்சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். எந்த வயர் எங்கிருந்து வருகிறது என்பதைத் தேடுவதற்கே நாள் செல்கிறது. சுவருக்குள் ஓடும் வயர்களின் வரைபடம் பெரும்பாலான வீடுகளில் இல்லை. வீட்டை வயரிங் செய்தவரின் நினைவோடு அது போய்விட்டது. வீட்டுப் பத்திரத்தைப் பூட்டிக் காக்கும் குடும்பங்கள், எம்.சி.பி. பெட்டியின் கதவுக்குள் ஒட்டவேண்டிய ஒரு தாளை ஒருமுறைகூடக் கேட்பதில்லை. 1939இல் பொறியியல் கல்லூரி தொடங்கிய நகரம் இது. மின்சுற்றுப் பாடத்தின் முதற்பயிற்சியாக ஒவ்வொரு மாணவரும் ஒரு வயர்மேனை உடன்வைத்துக்கொண்டு தம் வீட்டின் வயரிங் படத்தை வரையட்டும். வீட்டுக்கு அது ஆவணம். மாணவருக்கு, வயர்மேன் கையில் உள்ள அறிவும் அறிவே என்று உணரும் வாய்ப்பு.