கை படாத இயற்பியல்

நீட் தேர்வின் இயற்பியல் பாடத்திட்டத்தில் கடைசி அலகின் பெயர் என்ன தெரியுமா? "செய்முறைத் திறன்கள்". 2024 தேர்விலிருந்து இருபதாவது அலகாக வந்து உட்கார்ந்திருக்கிறது. வெர்னியர் அளவி, திருகு அளவி, தனி ஊசல், மீட்டர் சமனச்சுற்று எல்லாம் அதில் உண்டு. ஆனால் எதையும் தொட வேண்டாம். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். நீச்சல் தெரியுமா என்று கேள்வித்தாளில் பரீட்சை வைப்பது மாதிரி!

நீட்டை மட்டும் திட்டி என்ன பயன்? நம்மூர் பிளஸ் டூவில் இயற்பியலுக்கு நூறு மதிப்பெண். எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. அந்த இருபது எப்படி வருகிறது என்பது படித்தவர்களுக்குத் தெரியும். தனி ஊசலில் 9.8 வந்தாக வேண்டும். ஆகவே 9.8-ல் ஆரம்பித்துப் பின்னோக்கி நடந்து ரீடிங் எழுதுவது. போன வருஷத்து அண்ணனுடைய ரெக்கார்டு நோட் கையில் இருந்தால் அந்தச் சிரமமும் இல்லை. இயற்கையிடம் கேள்வி கேட்பதற்குப் பெயர் சோதனை. பதிலை முதலில் எழுதிவிட்டு அதற்கேற்ற அளவுகளை ஜோடிப்பதற்கு என்ன பெயர் வைப்பது?

இதைப் பார்த்து வெறுத்துப்போய்ப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோர் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். ஹோம் ஸ்கூலிங். பரீட்சைக்கு தேசியத் திறந்தநிலைப் பள்ளி. கை வேலைக்கு வார இறுதிப் பட்டறை. காலையில் நெம்புகோலும் கப்பியும், மதியம் களிமண் சிற்பம். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் சட்டையெல்லாம் சேறாகி வீடு திரும்புவார்கள்.

"காசு இருக்கிறவன் பொழுதுபோக்கு" என்று இதைக் கிண்டல் செய்பவர்கள் நிறைய. அந்தக் கிண்டலில் பாதி நியாயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருவோம். மீதிப் பாதி தப்பு. இயற்பியலையும் சிற்பத்தையும் ஒரே நாளில் ஒரே கையில் கொடுப்பது நல்ல யோசனை. அது எந்த ஊரிலிருந்தும் இறக்குமதி ஆன யோசனையும் இல்லை.

அய்யனார் கோவில் மண் குதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஏன் உள்ளே கூடாக இருக்கிறது? மண்ணை மிச்சம் பிடிக்கவா? தடிமனான களிமண்ணில் உள்ளே ஈரம் தங்கிவிடும். சூளையில் சூடு ஏறும்போது அந்த ஈரம் ஆவியாகும். நீர் ஆவியானால் கன அளவு 1,600 மடங்குக்கு மேல் விரியும். வெளியேற வழி இல்லையென்றால் குதிரை வெடிக்கும். பாடப்புத்தகத்தில் "நிலை மாற்றம்" என்று நாலு வரி. ஒரு தடவை தான் செய்த பொம்மை சூளையில் வெடித்துப் பார்த்தவனுக்கு அந்த நாலு வரி ஆயுசுக்கும் மறக்காது.

சுவாமிமலைக்குப் போங்கள். மெழுகில் உருவம் செய்து, மேலே காவிரி வண்டல் மண் பூசி, சூடாக்கி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். எவ்வளவு உலோகம் வேண்டும் என்று எப்படித் தெரியும்? மெழுகை நிறுத்தால் தெரியும். மெழுகின் அடர்த்தி தண்ணீரை விடக் கொஞ்சம் குறைவு. வெண்கலத்தின் அடர்த்தி தண்ணீரைப் போல் எட்டரை மடங்குக்கு மேல். அப்படியானால் ஒரு கிலோ மெழுகுக்கு ஏறக்குறைய ஒன்பது கிலோ உலோகம். அடர்த்தி = நிறை / கன அளவு என்று ஒன்பதாம் வகுப்பில் நெட்டுரு போட்ட அதே சமன்பாடு. 2023ல் டெல்லியில் ஜி20 மாநாட்டு அரங்கத்தின் முன்னால் நிறுத்தப்பட்ட 27 அடி நடராஜரும் சுவாமிமலையில் இந்த மெழுகு முறையில் வார்க்கப்பட்டவர்தான். ஜெனீவாவில் உலகத்தின் மிகப் பெரிய துகள் இயற்பியல் ஆய்வுக்கூடமான செர்ன் வளாகத்திலும் 2004லிருந்து ஒரு நடராஜர் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருக்கிறார். ஒற்றைக் காலில் நிற்பவர் ஏன் சாயவில்லை என்று கேட்டால் அது ஈர்ப்பு மையம் பற்றிய பாடம்.

அமெரிக்காவிலும் ஒருவர் இதைத்தான் செய்தார். 2023 படத்துக்குப் பிறகு ராபர்ட் ஓப்பன்ஹெய்மரைத் தெரியாதவர் கிடையாது. அவருடைய தம்பி ஃபிராங்க்கும் இயற்பியலாளர். கம்யூனிஸ்ட் வேட்டையில் 1949ல் பல்கலைக்கழக வேலை பறிபோய், கொலராடோவில் மாடு மேய்த்துவிட்டு, அங்கேயே ஒரு சின்ன ஊர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் வாத்தியார் ஆனார். ஊர்க் குப்பைமேட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் அங்கே கிடந்த பழைய சாமான்களில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தார். 1969ல் சான் பிரான்சிஸ்கோவில் அவர் தொடங்கிய எக்ஸ்ப்ளோரடோரியத்தில் கலைஞர்களும் இயற்பியலாளர்களும் சேர்ந்தே காட்சிப்பொருள்களைச் செய்கிறார்கள்.

சரி, இப்போது கிண்டலின் நியாயமான பாதிக்கு வருவோம். அதற்குப் பொதட்டூர்பேட்டைக்குப் போக வேண்டும்.

திருத்தணிப் பக்கம், ஆந்திர எல்லையோரம் இருக்கும் நெசவு ஊர். கைத்தறி, விசைத்தறி இரண்டும் உண்டு. இங்கே பட்டறைக்குக் கட்டணம் கட்டிப் போக வேண்டியதில்லை, பட்டறையே வீட்டுக்குள்தான். கைத்தறியின் மிதிப்பலகை ஒரு நெம்புகோல். குறுக்கே ஓடும் நாடாவை வேகமாகத் தள்ளி, மறு ஓரத்தில் அதிராமல் நிறுத்தி, திருப்பி அனுப்புவது உந்தம். இழுத்துக் கட்டிய பாவு நூலை விரலால் சுண்டினால், இறுக்கம் கூடக் கூடச் சுருதி ஏறும். பள்ளி ஆய்வகத்தில் இதற்குச் சுரமானி என்று ஒரு பெட்டி, பெரும்பாலும் பூட்டிய அலமாரிக்குள். ஜக்கார்டு தறியின் அட்டையில் ஓட்டை இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். 1804ல் பிரான்சின் லியோன் நகரத்தில் வந்த அந்த அட்டையைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தன்னுடைய கணிப்பொறிக்கு அட்டை வைக்க நினைத்தார். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறவர்கள் கும்பிட்டுக்கொள்ளலாம் :-)

ஆனால் இந்த ஊரில் பதினைந்து வயதுப் பையன் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் தார் சுற்றிக்கொண்டிருந்தால் அதற்கு யாரும் ஹோம் ஸ்கூலிங் என்று பெயர் வைப்பதில்லை. "இடைநிற்றல்" என்று ஒரு பதிவேட்டில் எழுதிக்கொள்வார்கள். சென்னைப் பையன் வீட்டில் இருந்தால் மாற்றுக் கல்வி, பொதட்டூர்பேட்டைப் பையன் வீட்டில் இருந்தால் படிப்பு ஏறாதவன். சென்னைப் பையன் மண்ணைத் தொட்டால் படைப்பூக்கம், இவன் நூலைத் தொட்டால் குலத்தொழில்.

அந்த வார்த்தை வந்துவிட்டதால் 1953க்கும் போயாக வேண்டும். அப்போது சென்னை முதலமைச்சராக இருந்த ராஜாஜி ஒரு தொடக்கக் கல்வித் திட்டம் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதற்கு வைத்த பெயர் குலக்கல்வி. எதிர்ப்பு கிளம்பியது. ராஜாஜி பதவி விலகினார், 1954ல் காமராஜர் வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. (அந்தத் திட்டம் ஆரம்பித்தபோது திருத்தணி வட்டாரமும் சென்னை ராஜ்யத்தில்தான் இருந்தது. அந்த அக்டோபரில் ஆந்திரத்தோடு போய், 1960 ஏப்ரல் 1ல் திரும்பி வந்தது.)

அந்த எதிர்ப்பு நூற்றுக்கு நூறு சரி. அதில் சமரசமே கிடையாது. ஆனால் எதை எதிர்த்தார்கள் என்பதைக் கவனியுங்கள். பிள்ளை கையால் வேலை செய்வதையா எதிர்த்தார்கள்? குயவர் பிள்ளை பானை மட்டும், நெசவாளர் பிள்ளை தறி மட்டும், வக்கீல் பிள்ளை சட்டப் புத்தகம் மட்டும் என்று பிறப்பை வைத்துக் கையைப் பிரித்ததைத்தான் எதிர்த்தார்கள். குயவர் பிள்ளைக்குத் தறியும், வக்கீல் பிள்ளைக்குப் பானையும், மூன்று பேருக்குமே திருகு அளவியும் கிடைத்திருந்தால் அதன் பெயர் குலக்கல்வியாக இருந்திருக்காது. எதிர்ப்பில் ஜெயித்துவிட்டு, பதின்வயதுப் படிப்பில் கையையே ஓரங்கட்டிவிட்டார்கள். குலம் போக வேண்டிய இடத்தில் கை போய்விட்டது!

இது பழைய கதையும் இல்லை. 2023ல் மத்திய அரசு விஸ்வகர்மா திட்டம் கொண்டுவந்தது. விண்ணப்பிப்பவருடைய குடும்பம் அந்தத் தொழிலைப் பரம்பரையாகச் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுங்கள், குறைந்தபட்ச வயதை 35 ஆக்குங்கள் என்று தமிழக அரசு கேட்டது. கிடைக்கவில்லை. 2024ல் மறுத்துவிட்டு, சாதி பார்க்காத கலைஞர் கைவினைத் திட்டத்தை 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காகக் கொண்டுவந்தது. பதினெட்டு வயதில் கல்லூரிக்குப் போக வேண்டியவனைத் தொழிலில் பிடித்துப் போடக் கூடாது என்ற கவலை நியாயமானது. ஆனால் பதினைந்து வயதில் கல்லூரிக்குப் போகத் தயாராகிற ஒருத்தன் படிப்புக்காகவே உளியைத் தொடட்டும் என்று யார் யோசித்தார்கள்?

"சின்னப் பிள்ளைகளுக்குச் செயல்வழிக் கற்றல் வந்ததே" என்று ஒருவர் சொல்லலாம். வந்தது. 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08ல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. அதன் மூலம் பக்கத்து ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளி. எட்டு வயதுப் பிள்ளை தரையில் உட்கார்ந்து அட்டையை எடுத்து, அடுக்கி, தானே செய்து பார்க்கும். அதே பிள்ளைக்குப் பதினான்கு வயதானதும் என்ன நடக்கிறது? கையைக் கட்டு, வாயைப் பொத்து, புளூ பிரிண்ட் பார்த்துப் படி. கை பலப்பட்டு, கேள்வி கூர்மையாகிற வயதில்தான் கையைக் கட்டுகிறார்கள். கட்டாயக் கல்விச் சட்டத்தின் பொறுப்பும் அதே பதினான்கோடு முடிந்துவிடுகிறது.

அப்படியானால் என்ன செய்யலாம்? புதிதாக எதுவும் கட்ட வேண்டாம். ஒரு கதவு ஏற்கனவே இருக்கிறது. பள்ளிக்குப் போகாமல் நேரடியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் தனித்தேர்வர்கள் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குப் பெயர் பதிந்து, ஒதுக்கப்பட்ட பள்ளிக்கு வந்து பயிற்சி எடுத்தாக வேண்டும். 25 மதிப்பெண் அதற்கு. அதாவது, பள்ளிக்கு வெளியே இருக்கும் பிள்ளைக்கு ஆய்வகத்தைத் திறந்துவிடலாம் என்று அரசாங்கமே ஒத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கதவைத் தேர்வுக்காக மட்டும் திறக்காமல், எல்லாச் சனிக்கிழமையும் திறக்கட்டும். பள்ளிக்கு வருகிறவன், வராதவன், சென்னையில் வீட்டில் படிக்கிறவன், தறியில் உட்கார்ந்திருக்கிறவன் எல்லாருக்கும். அதை ஆய்வகம் என்று சொல்லாமல் பொதுப் பட்டறை என்றே சொல்லட்டும்.

பொதட்டூர்பேட்டையில் மூன்று சனிக்கிழமை எப்படி இருக்கும் என்று பார்க்கலாம்.

முதல் சனி, திருத்தணி மலை. 365 படிகள் என்பது பிரசித்தம். ஸ்கேலை வைத்து ஒரு படியை அளக்க வேண்டியது. 15 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் மொத்த உயரம் சுமார் 55 மீட்டர். 50 கிலோ எடையுள்ள பெண் ஏறினால் செய்த வேலை சுமார் 27,000 ஜூல். பத்து நிமிடத்தில் ஏறினால் திறன் 45 வாட், பழைய குண்டு பல்பு ஒன்றை எரிக்கிற அளவு. அவ்வளவு மூச்சு வாங்கியும் இவ்வளவுதானா? மீதி சக்தி எங்கே போனது? வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்கட்டும்.

இரண்டாவது சனி, தறி. பாவின் இறுக்கத்தை மாற்றி மாற்றிச் சுண்டிச் சுருதியைக் குறிக்க வேண்டியது. சொல்லிக்கொடுப்பவர் நெசவாளர். சும்மா வந்து காட்டிவிட்டுப் போகிறவராக அல்ல, மணிக்கு இவ்வளவு என்று ஆசிரியர் சம்பளம் வாங்குகிறவராக.

மூன்றாவது சனி, களிமண். ஒரு குதிரையைக் கூடாக, இன்னொன்றைக் கெட்டியாகச் செய்து, வைக்கோலும் வரட்டியும் போட்டுச் சுட வேண்டியது, பாதுகாப்பாகத் தள்ளி நின்று. மாமல்லபுரத்தில் அரசுக் கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியே இருக்கிறது. அங்கே படித்து முடித்தவர்களை இதற்கு நியமித்தால் என்ன?

இதில் ஒரே ஒரு விதி மட்டும் கறாராக வேண்டும். நெசவாளர் பிள்ளை தறியில் மட்டும் உட்காரக் கூடாது, சிற்பி பிள்ளை உளியோடு நிற்கக் கூடாது. முறை மாறி மாறி எல்லாரும் எல்லாவற்றையும் தொட வேண்டும். செய்த பொருள் விற்பனைக்குப் போகக் கூடாது. விற்க ஆரம்பித்தால் அது வேலை. வீட்டுத் தொழிலில் பிள்ளைகள் பள்ளி நேரம் போக "உதவலாம்" என்று 2016ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் விட்ட ஓட்டை போதும், இன்னொன்று வேண்டாம்.

"மார்க் என்னாகும்?" என்று கேட்பார்கள். சனிக்கிழமை மட்டும்தானே, வாரத்தில் மீதி நாட்கள் அப்படியே இருக்கின்றன. "பணத்துக்கு எங்கே போவது?" மண், வைக்கோல், ஸ்கேல், கயிறு.. இதற்குப் பணம் இல்லாத அரசாங்கம் எதற்கும் லாயக்கில்லை.

வருஷா வருஷம் செப்டம்பர் 5ல் எல்லாப் பள்ளியிலும் ராதாகிருஷ்ணன் படத்துக்கு மாலை போடுகிறார்கள். அவர் 1888ல் பிறந்தது இதே திருத்தணியில்தான். அடுத்த ஆசிரியர் தினத்துக்கு, அவர் பிறந்த ஊருக்குப் பக்கத்து ஊர் அரசுப் பள்ளி ஒன்றில் ஒரு நெசவாளர் இயற்பியல் வகுப்பு எடுக்கட்டும். வருகைப் பதிவேட்டில் ஆசிரியர் என்ற இடத்தில் அவர் கையெழுத்துப் போடட்டும்.