மணிக்கு 603 கிலோமீட்டர்: யாருக்கான வேகம்?

2015 ஏப்ரலில் ஜப்பானின் சோதனைப் பாதையில் ஒரு காந்த ரயில் மணிக்கு 603 கி.மீ. வேகத்தைத் தொட்டது. தண்டவாளத்தைத் தொடாமல் மிதந்து பாயும் அந்தக் காணொளியைப் பகிர்ந்து, "இனி விமானமே தேவையில்லை" என்று எழுதும் மாணவத் தோழர்களைப் பார்க்கிறேன். அறிவியலைக் கொண்டாடுவதில் தவறில்லை. ஆனால் மக்கள் பணத்தையும் நிலத்தையும் தண்ணீரையும் கேட்கும் ஒரு திட்டத்தை வேகத்தை மட்டும் வைத்து எடைபோட முடியுமா?

முதலில் வேகத்தையே பார்ப்போம். 2007இல் பிரான்சின் டிஜிவி ரயில், இரும்புச் சக்கரத்தில், இரும்புத் தண்டவாளத்தில் 574.8 கி.மீ. வேகத்தை எட்டிக் காட்டியது. ஆனாலும் அன்றாடச் சேவையில் அது 320ஐத் தாண்டுவதில்லை. வேகம் கூடக் கூட மின்செலவும் பராமரிப்புச் செலவும் எகிறுவதே காரணம். காந்தத்தில் மிதந்தால் சக்கர உராய்வு இருக்காது. காற்றின் எதிர்ப்பு இருக்கத்தான் செய்யும். அது வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். 300இலிருந்து 500க்குப் போனால் காற்றுத் தடை ஏறத்தாழ 2.8 மடங்காகும். ஆகவே காந்த ரயில் விமானத்தைவிடக் குறைவாக மாசுபடுத்தலாம். ஆனால் சக்கர ரயிலைவிட அதிக மின்சாரம் தின்னும்.

விமானத்தோடு போட்டியிட காந்தம்தான் வேண்டுமா? ஸ்பெயினில் மாட்ரிட்டிலிருந்து பார்சிலோனா 621 கி.மீ. 2008 முதல் சக்கர ரயில் அதை இரண்டரை மணி நேரத்தில் கடக்கிறது. ஊருக்கு நடுவே ஏறி ஊருக்கு நடுவே இறங்கலாம். விமான நிலையத்துக்குப் போகும் நேரம், சோதனை, காத்திருப்பு எல்லாவற்றையும் கூட்டினால் விமானம் பின்தங்கிவிடுகிறது. பெரும்பான்மைப் பயணிகள் ரயிலுக்கு மாறிவிட்டார்கள்.

காந்த ரயில் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் இடத்தையும் பார்ப்போம். ஷாங்காயில் விமான நிலையத்திலிருந்து 30 கி.மீ. தூரம் ஓடுகிறது. 431 கி.மீ. வேகத்தில் எட்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் பயணம் அது. ஆனால் இறக்கிவிடும் இடம் நகரின் மையம் அல்ல; அங்கிருந்து மெட்ரோ பிடிக்க வேண்டும். 2021 முதல் அதன் உச்ச வேகத்தையும் 300ஆகக் குறைத்துவிட்டார்கள். ஹாங்சோவுக்கு நீட்டிக்கும் திட்டம், பாதையோரம் குடியிருந்தவர்கள் 2008இல் வீதிக்கு வந்த பிறகு நின்றுபோனது. அதே சீனா 40,000 கி.மீ.க்கும் மேல் சக்கர அதிவேகப் பாதை போட்டிருக்கிறது. எது நாடு முழுக்கப் பரவியது, எது காட்சிப் பொருளாக நின்றது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இப்போது ஜப்பானுக்கு வருவோம். டோக்கியோவிலிருந்து நகோயா 286 கி.மீ. இன்றைய புல்லட் ரயிலில் சுமார் 100 நிமிடம். காந்த ரயிலில் 40 நிமிடம். இந்த ஒரு மணி நேரத்தைச் சேமிக்க, பாதையின் பெரும்பகுதியை மலைக்கும் நகரத்துக்கும் அடியில் சுரங்கமாகக் குடைய வேண்டும். 5.5 டிரில்லியன் யென் என்று தொடங்கிய மதிப்பீடு 2021இல் 7 டிரில்லியனைத் தாண்டியது. 2027இல் ஓடும் என்றார்கள். 2024இல் அந்த இலக்கைக் கைவிட்டார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஷிசுவோகா மாகாணத்தை. சுரங்கம் அதன் வடக்கு முனையில், ஓய் ஆறு பிறக்கும் மலைக்கு அடியில் போகிறது. கீழே தேயிலைத் தோட்டங்களும் குடிநீரும் நம்பியிருப்பது அந்த ஆற்றைத்தான். பழைய புல்லட் ரயிலுக்கு அந்த மாகாணத்தில் ஆறு நிலையங்கள் உண்டு. காந்த ரயிலுக்கு ஒன்றுகூட இல்லை. ரயில் நிற்காது, தண்ணீர் மட்டும் குறையக்கூடும். மாகாண நிர்வாகம் பல ஆண்டுகள் அனுமதி தர மறுத்தபோது, 'நாட்டின் முன்னேற்றத்துக்குத் தடை' என்ற பழிதான் அதன்மேல் விழுந்தது. இந்தப் பழிச்சொல் நமக்குப் புதியதா தோழர்களே? இழப்பவர் ஒருவர், பயணிப்பவர் வேறொருவர் என்றால், கேள்வி கேட்பவர்தான் எப்போதும் குற்றவாளி ஆக்கப்படுகிறார்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1964இல் திறந்த டோக்கியோ - ஒசாகா பாதை நெரிசலாகிவிட்டது, பழசாகிவிட்டது, பெரிய நிலநடுக்கம் வந்தால் மாற்றுப் பாதை வேண்டும். இது நியாயமான தேவை. ஆனால் இரண்டாவது பாதை வேண்டும் என்பதும், அது காந்தப் பாதையாக இருக்க வேண்டும் என்பதும் ஒன்றல்ல. சக்கர ரயில் பழைய தண்டவாளத்திலும் இறங்கி ஓடலாம். பிரான்சில் டிஜிவி அப்படித்தான் சிறு ஊர்களையும் சேர்கிறது. காந்த ரயில் தன் பாதையை விட்டு ஓரடி நகர முடியாது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், இரண்டு மாநகரங்களுக்கு இடையே அதற்கு ஒரு பயன் இருக்கலாம். அதையும் எங்கும் இன்னும் கட்டிக் காட்டவில்லை.

2008இல் ஜெர்மனி, மியூனிக் விமான நிலையத்துக்கான காந்த ரயிலை, செலவு 1.85 பில்லியன் யூரோவிலிருந்து 3 பில்லியனுக்கு மேல் போனதும் கைவிட்டது. சொந்த நாட்டுத் தொழில்நுட்பமாயிற்றே என்று கௌரவம் பார்க்கவில்லை.

எனவே அடுத்த முறை வேகச் சாதனைக் காணொளி வந்தால், பகிருங்கள். கூடவே மூன்று கேள்விகளையும் எழுதுங்கள்: எங்கே நிற்கும்? யார் பணம்? யார் தண்ணீர்?