வரம்பும் வாய்க்காலும்

காவிரி நாட்டில் நிலத்திற்கு வரம்பு இருப்பது போல நீருக்கும் முறை உண்டு. கல்லணையில் பிரியும் ஆறு கிளையாறு ஆகின்றது; கிளையாறு வாய்க்கால் ஆகின்றது; வாய்க்கால் மடை வழியே வயலை அடைகின்றது. கும்பகோணத்திற்கு வடகிழக்கே, காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட வளநாட்டில் விளங்கும் திருப்பனந்தாளில் நின்று நோக்குவார்க்கு இவ்வுண்மை எளிதில் புலனாகும். தலைமடையில் உள்ள ஒருவர் தம் முறை வருமுன் இரவோடு இரவாகக் கரையை வெட்டி, நீரைத் தம் வயலுக்குத் திருப்பிக்கொள்வாராயின், அதனால் கெடுபவர் யார்? அடுத்த வயலுக்கு உரியவர் அல்லர்; பல கல் தொலைவில், வாய்க்காலின் கடைசியில், வானத்தையும் வாய்க்காலையும் மாறி மாறிப் பார்த்து நிற்கும் கடைமடை உழவரே ஆவர். கரையை வெட்டியவர் அவ்வுழவரின் முகத்தைக் கண்டதும் இல்லை. “நான் எடுத்தது சிறிது நீர்தானே” என்பதே அவர் எண்ணம். ஆயினும், பலர் எடுத்த சிறிது நீர் ஒன்றுசேர்ந்து ஒருவரின் பயிரைக் கருக்கிவிடுகின்றது.

நீரைப் பற்றிய இவ்வறம் கலைக்கும் பொருந்தும். தமிழ்த் திரைப்படத் தொழில் இன்று எதிர்கொள்ளும் பெரிய இடர்களுள் ஒன்று திருட்டுப் படி. படம் வெளியான அன்றே, சில வேளைகளில் அதற்கு முன்னரே, அது இணையத்தில் களவாக உலவத் தொடங்கிவிடுகின்றது. இதனைத் தடுப்பது எவ்வாறு? சட்டம் போதுமா? தொழில் நடத்துவோர் செய்யத்தக்கது என்ன? படம் பார்க்கும் நம் கடமை யாது? இவற்றை நடுநிலையில் நின்று ஆராய்வோம்.

முதலில், பணம் என்னும் நீர் இத்தொழிலில் ஓடும் வழியை அறிதல் வேண்டும். தயாரிப்பாளர் பெரும்பாலும் வட்டிக்குக் கடன் பெற்றே படம் எடுக்கின்றார். அப்படத்தை ஒவ்வொரு பகுதிக்கும் உரிய விநியோகத்தர் வாங்குகின்றார். தமிழ்நாட்டைச் சென்னை, செங்கற்பட்டு, கோவை, மதுரை எனப் பல பகுதிகளாகப் பிரித்து வாணிகம் செய்வது இத்தொழிலின் பழைய வழக்கம். திருப்பனந்தாள் போன்ற ஊர்கள் திருச்சி–தஞ்சைப் பகுதியைச் சேர்ந்தவை. நாம் நுழைவுச் சீட்டிற்குக் கொடுக்கும் பணம் திரையரங்கிலிருந்து விநியோகத்தரிடமும், அவரிடமிருந்து தயாரிப்பாளரிடமும் சென்று, மீண்டும் அடுத்த படத்திற்கு முதலாகின்றது. முன்னணி நடிகர் தம் ஊதியத்தைப் பெரும்பாலும் படம் வெளிவருமுன்னரே பெற்றுவிடுகின்றார். அவர் தலைமடையில் இருப்பவர். விளக்குப் பிடிப்பவர், தச்சர், தையற்காரர், சமையல் செய்வோர், சிற்றூர்த் திரையரங்கின் வாயிலில் சீட்டைக் கிழித்துக் கொடுப்பவர் ஆகியோரே கடைமடையில் உள்ளவர்கள். ஒரு படம் நட்டப்பட்டால் அடுத்த படம் தொடங்காது. அடுத்த படம் தொடங்காவிட்டால் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது. “கோடி கோடியாக ஈட்டும் நடிகர்க்கு என் ஒருவனால் என்ன குறை வரும்?” என்று கேட்பவர், தலைமடையை மட்டும் பார்த்துப் பேசுகின்றார்.

இக்களவு இன்று திடீரெனத் தோன்றியதன்று. 1905ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியில் இரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகச் சென்று காட்சி நடத்தினார். அக்காலத்தில் படத்தைத் திருட வேண்டுமானால் படப்பெட்டியையே தூக்கிச் செல்லுதல் வேண்டும்! பின்னர்ப் பேசும் படம் வந்தது. டூரிங் கொட்டகைகள் பெருகின. ஒரு படத்திற்குச் சில படிகளே எடுக்கப்பட்டமையால், பெருநகரங்களில் ஓடி ஓய்ந்த பின்னரே படப்பெட்டி சிற்றூர்க்கு வந்து சேர்ந்தது. தேய்ந்து, கோடு விழுந்து, வெட்டுண்டு ஒட்டப்பட்ட படத்தையே அவ்வூர் மக்கள் பல திங்கள் காத்திருந்து கண்டனர். 1980களில் வீடியோ நாடா வந்தபோது, காத்திருந்த அந்த ஆவலே களவிற்கு வழி திறந்துவிட்டது. அதனைத் தடுக்க 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 1984இல் திருத்தப்பட்டது. நாடா போய்க் குறுந்தகடு வந்தது. குறுந்தகடு போய் இணையம் வந்தது. கருவி மாறியதேயன்றிக் களவு மாறவில்லை.

இக்களவிற்கு எதிராக எழுப்பப்பட்ட வரம்புகள் பல. தமிழ்நாட்டில் குண்டர் தடுப்புச் சட்டம் எனப் பலராலும் வழங்கப்படும் 1982ஆம் ஆண்டின் சட்டம், 2004இல் திருட்டு வீடியோ குற்றவாளிகளையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. 2023இல் நாடாளுமன்றம் திரைப்படச் சட்டத்தைத் திருத்தியது. உரிமையின்றிப் படத்தைப் பதிவு செய்வோர்க்கும் பரப்புவோர்க்கும் மூன்று திங்கள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், மூன்று இலட்சம் ரூபாய் முதல் படத்தின் தயாரிப்புச் செலவில் நூற்றுக்கு ஐந்து பங்கு வரை தண்டமும் விதிக்க அதில் இடம் உண்டு.

அறிவியலும் தன் பங்கைச் செய்துள்ளது. இன்று திரையரங்கிற்குப் படம் பெட்டியாக வருவதில்லை; பூட்டிய எண்குறிகளாக வருகின்றது. குறித்த திரைக்கும் குறித்த நாட்களுக்கும் மட்டுமே அப்பூட்டைத் திறக்கும் திறவுகோல் அனுப்பப்படுகின்றது. மேலும், கண்ணுக்குப் புலப்படாத அடையாளம் ஒன்று திரையில் விழும் படத்திலேயே கலந்திருக்கும். ஒரு திருட்டுப் படி எந்த அரங்கில், எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது என்பதனை அதனால் கண்டறியலாம். 2024ஆம் ஆண்டு சூலைத் திங்களில், திருவனந்தபுரத்துத் திரையரங்கு ஒன்றில் ‘ராயன்’ படத்தைச் செல்பேசியில் பதிவு செய்துகொண்டிருந்தவர் காவலரிடம் பிடிபட்டார்.

ஆயினும், வரம்பை உயர்த்துவது மட்டுமே போதுமா? நிகழ்ந்தவை போதாது என்றே காட்டுகின்றன. 2018இல் ‘2.0’ வெளிவந்தபோது, பன்னிரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட வலைத்தளங்களை முடக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஒரு பெயரில் மூடப்படும் திருட்டுத் தளம் வேறொரு பெயரில் மறுநாளே திறக்கப்படுவதால் அன்றோ இத்துணைப் பெரிய பட்டியல் வேண்டியதாயிற்று! வரம்பை எழுப்புவதில் அளவு தவறினால் வேறொரு தீங்கும் விளையும். 2012இல் ‘3’ என்னும் படத்திற்காகப் பெறப்பட்ட ஆணையைக் காட்டி, குற்றமற்ற பணிகளுக்குப் பயன்பட்ட தளங்களையும் இணைய நிறுவனங்கள் சில மூடிவிட்டன. பின்னர், களவுப் படம் உள்ள குறித்த முகவரிகளை மட்டுமே தடுத்தல் வேண்டும் என்று அந்நீதிமன்றமே தெளிவுபடுத்தியது. எலி வளையை அடைக்கப் போய் ஊர் வாய்க்காலையே அடைத்துவிடுதல் அறிவுடைமை ஆகாது.

ஆகவே வரம்போடு வாய்க்காலும் வேண்டும். நேர்வழியில், உரிய காலத்தில், தாங்கத்தக்க விலையில் படம் மக்களை வந்து அடையுமாயின், குறுக்குவழியை நாடுவோர் குறைவர். இவ்வுண்மையைத் தமிழ்த் திரையுலகில் சிலர் முன்னரே உணர்ந்தனர். 2013இல் கமல்ஹாசன் தம் ‘விஸ்வரூபம்’ படத்தைத் திரையரங்கோடு வீட்டுத் தொலைக்காட்சி வழியாகவும் வெளியிட முயன்றார். திரையரங்கு உரிமையாளர்கள் அதனைக் கடுமையாக எதிர்த்தமையால் அவ்வெண்ணம் நினைத்தவாறு நிறைவேறவில்லை. 2015இல் இயக்குநர் சேரன், ‘சினிமா டு ஹோம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, ‘ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை’ படத்தை ஐம்பது ரூபாய்க் குறுந்தகடாக வீடுகளுக்கே கொண்டு சென்றார். அத்திட்டம் நெடுநாள் நிலைக்கவில்லை. ஆயினும், அது கேட்ட கேள்வி நிலைத்தது: திருடர் ஒரே நாளில் வீட்டு வாயிலுக்குக் கொண்டுவரும் பொருளை, உரியவர் கொண்டுவர இயலாதா?

வாய்க்காலை வெட்டுவோரிடையே பூசல் எழுவதும் இயல்பே. 2018 மார்ச்சு முதல் நாளிலிருந்து ஆறு கிழமைகளுக்கும் மேலாகத் தமிழ்நாட்டில் புதிய தமிழ்ப் படம் எதுவும் வெளிவரவில்லை. திரையரங்கிற்கு எண்முறையில் படம் வழங்கும் நிறுவனங்கள் பெறும் கட்டணம் மிகுதி என்று தயாரிப்பாளர்கள் கொதித்தெழுந்தமையே அதற்குக் காரணம். 2020இல் கொள்ளைநோயால் அரங்குகள் மூடப்பட்டிருந்தபோது, ‘பொன்மகள் வந்தாள்’ மே 29ஆம் நாளிலும், ‘சூரரைப் போற்று’ நவம்பர் 12ஆம் நாளிலும் நேரே இணைய வழியில் வெளியாயின. அரங்கு உரிமையாளர்கள் வருந்தினர், எதிர்த்தனர். அவர்கள் குறையும் புறக்கணிக்கத் தக்கதன்று. படம் சில கிழமைகளில் வீட்டிற்கே வந்துவிடும் என்றால் அரங்கிற்கு வருவார் யார் என்பது அவர்களின் கேள்வி. அதனால்தான் அரங்கில் வெளியாவதற்கும் இணையத்தில் வெளியாவதற்கும் இடையே நான்கு கிழமை போதுமா, எட்டுக் கிழமை வேண்டுமா என்று வழக்காடுகின்றனர். இது முறைப் பாசனத்தைப் போன்றதொரு சிக்கல். யாருக்கு எந்நாள் நீர் என்பதனைக் கூடிப் பேசி வகுத்தல் வேண்டும். ஒருவர் மடையை மற்றவர் அடைத்தல் தீர்வாகாது.

மேலை நாட்டு வரலாறும் இதற்குச் சான்று. களவிற்குப் பேர்போன ‘பைரேட் பே’ என்னும் வலைத்தளம் 2003இல் சுவீடன் நாட்டில் தோன்றியது. 2008இல் அந்நாட்டிலேயே ‘ஸ்பாட்டிஃபை’ என்னும் இசைச் சேவை தொடங்கப்பட்டது. எளிதாகவும் குறைந்த கட்டணத்திலும் இசை கிடைத்தமையால், களவிசையை நாடியவருள் பலர் நேர்வழிக்குத் திரும்பினர். தண்டனைக்கு அஞ்சித் திருந்தியவரினும், நல்வழி திறந்தமையால் திருந்தியவர் பலர் எனலாம்.

எனவே, திரைப்படத் தொழிலை நடத்துவோர்க்கும் பொறுப்பு உண்டு. முதல் நாட் காட்சிக்கு அரசு குறித்த விலையினும் மிகுதியாகப் பணம் பறிப்பதும், ஏழைக் குடும்பம் ஒன்று அரங்கிற்குச் சென்று வருவதனையே பெருஞ்செலவாக்குவதும் மக்களை நேர்வழியினின்று விரட்டும் செயல்களாகும். நுகர்வோரை மதியாத தொழில், களவைப் பழிப்பதனால் மட்டும் பிழைத்துவிடாது.

ஆயினும், அவர்தம் குறை நம் களவிற்கு நியாயம் ஆகுமோ? ஆகாது. விலை மிகுதி என்றால் வாங்காது விடலாம். சில நாள் பொறுத்திருக்கலாம். தொலைக்காட்சியில் வரும்போது காணலாம். திரைப்படம் உணவன்று, ஒரு திங்கள் தாமதித்துப் பார்த்தால் உயிர் போய்விடாது. பெரிய நடிகரின் படம் களவையும் தாங்கி நிற்கக் கூடும். புதுமுகங்களை வைத்து, புதிய கருத்தைச் சொல்ல வந்த சிறு படமோ, ஒரு கிழமை அரங்கில் நிற்பதற்கே போராடுகின்றது. அவ்வொரு கிழமையில் நிகழும் களவு, அதன் வேரில் வெந்நீர் ஊற்றுவதாகும். நல்ல படம் வரவில்லையே என்று குறை கூறுகின்ற நாமே நல்ல படம் முளைக்கும் நாற்றங்காலை மிதித்தல் தகுமோ?

திருப்பனந்தாள்க் கோயிலைப் பற்றிப் பெரியபுராணம் கூறும் வரலாறு ஒன்று இங்கே நினைக்கத் தக்கது. அக்கோயிலில் சிவலிங்கம் ஒருபுறம் சாய்ந்திருந்தது. அரசன் யானைகளைப் பூட்டி இழுத்தும் அது நிமிரவில்லை. பின்னர் வந்த குங்கிலியக் கலயர், கயிற்றின் ஒரு முனையை அதனோடு பிணைத்து, மறு முனையைத் தம் கழுத்தில் கட்டி இழுத்தார், லிங்கம் நிமிர்ந்தது. யானையின் வலிமைக்கு இசையாதது அன்பின் உறுதிக்கு இசைந்தது என்பதே அக்கதை உணர்த்தும் பொருள்.

இன்றும் அதனை ஒத்ததொரு நிகழ்ச்சியைக் காணலாம். 2021 சனவரியில் ‘மாஸ்டர்’ படம் வெளிவருவதற்கு முன்னரே அதன் காட்சிகள் சில இணையத்தில் கசிந்தன. ஒன்றரை ஆண்டு உழைப்பு இது, பரப்பாதீர்கள் என்று அதன் இயக்குநர் லோகேஷ் கனகராஜ் வேண்டிக்கொண்டார். இரசிகர் பலர் அவ்வேண்டுகோளை ஏற்றுக் காட்சிகளைப் பரப்பாது விட்டதோடு, பரப்பியோரின் பதிவுகளை நீக்குமாறு முறையிடவும் செய்தனர். சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. கலையின் மீது கொண்ட பற்றே கட்டியது.

மாணவர்களே! சட்டம் யானையைப் போன்றது, அது வேண்டும். நல்ல விநியோக முறை வாய்க்காலைப் போன்றது, அதுவும் வேண்டும். ஆயினும், ஒருவரும் காணாத அறையில், கையிலுள்ள செல்பேசியில், திருட்டுப் படத்திற்கான முகவரி ஒன்று வந்து நிற்கும்போது அங்கே யானையும் இல்லை, காவலரும் இல்லை. உங்கள் மனச்சான்று ஒன்றே அங்கு உண்டு. அதனைத் திறவாமலும் பிறர்க்கு அனுப்பாமலும் விடுவது சிறு செயலாகவே தோன்றும். சிறு களவுகள் கூடி ஒரு தொழிலை அழிக்கின்றன என்றால், சிறு நேர்மைகள் கூடி அதனைக் காக்கவும் கூடும் அன்றோ? நீங்கள் வெட்டாது விட்ட கரையினால் யாரோ ஒரு கடைமடை உழைப்பாளியின் வயலில் நீர் பாயும்.